மூலைக் கட்டம்

ஒலி நன்றாகத்தான் வருகிறது என்றான் தைவோ.
சொன்ன பிறகு அவன் காது சிவந்தது.
விர்வே அவன் உதட்டைப் படித்துவிட்டிருந்தாள்.
தோளைக் குலுக்கி,
கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதினாள்:
"இருக்கலாம். எனக்குப் படம் வேண்டும்."

ஹீயுமா தீவில் பிப்ரவரி.
கரையோரக் கடல் கட்டிதட்டிக் கிடந்தது.
நிறுவனத்து வேனில் பதினோரு கிலோமீட்டர் வந்திருந்தான்,
பெட்டியில் மூன்று வடம், ஒரு மோடம்,
வீட்டுக்கு வீடு ஓதுகிற அதே மந்திரம்:
அணைத்துப் போடுங்கள்.

அணைத்துப் போட்டான்.
கணப்படுப்பின் இரும்புக் கதவுக்குப் பின்னால்
குளிர்காய்ந்துகொண்டிருந்த ரூட்டரை
சன்னல் மாடத்துக்குக் குடியேற்றினான்.
டேப்லெட்டின் தடித்த உறையைக் கழற்றினான்.
பின்னணியில் யாரும் கேட்காமல் ஓடிய
பதினேழு செயலிகளை ஒவ்வொன்றாய் மேலே தள்ளினான்.
வேகம் பார்த்தான். முள் நாற்பதில் நின்றது.
நாற்பது போதுமே.
புதுப்பிப்பு இறங்க அரைமணி.
காபி குடித்தார்கள்.
பூனை மட்டும் சத்தமாய் நடந்தது.

இப்போது?
விர்வே உள்ளங்கையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

அவன் செய்தி வாசிப்பவரைப் பார்த்தான்.
கழுத்துப்பட்டையின் கோடு தெரிகிறது,
மீசை தெரிகிறது.
வேறென்ன வேண்டும் இந்த அம்மாளுக்கு?
அவள் அவன் சுட்டுவிரலைப் பிடித்து
திரையின் வலது கீழ் மூலையில் வைத்தாள்.

தீப்பெட்டி அளவு ஒரு கட்டம்.
அதற்குள் கறுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி.
ஸ்வெட்டருக்கு முன்னால்
தோல் நிறத்தில் இரண்டு மேகம்
மோதிக்கொண்டிருந்தன.

குரலுக்கும் விரலுக்கும் முதலெழுத்துதான் வேறு.
அந்த ஓரெழுத்தில்
போன திங்கட்கிழமை தவறிப்போனது.
படகு மறுபடி பத்து மணிக்கு என்று படித்தாள் விர்வே.
மூலைக்காரி சொன்னது பத்தாம் தேதிக்கு.
ஹெல்தெர்மா துறையில் ஒன்றரை மணி நேரம்,
பல்மருத்துவச் சீட்டும் கையுமாக,
காற்றோடு நின்றாள்.
இதை எழுத நாட்காட்டியில்
மார்ச் மாதம் முழுதும் செலவானது.

தைவோ அமைப்புகளுக்குள் இறங்கினான்.
மூன்றாவது பக்கத்தின் அடியில்
பச்சையாய் எரிந்தது ஒரு பொத்தான்:
டேட்டா சேமிப்பு.
அதன்கீழ் சின்ன எழுத்தில்,
இணைப்பு திணறும்போது படம் குறையும், ஒலி காக்கப்படும்.

காத்துக்கொண்டேதான் இருந்தது,
பத்து மாதமாய்,
இந்த வீட்டில் யாருக்கோ.

யார் போட்டது என்று அவள் கேட்கவில்லை.
அவனுக்கே ஞாபகம் வந்தது.
ஏப்ரல். பெரிய பில் வந்த வாரம்.
இதே நாற்காலி.
இரண்டு விரலால் காசைக் கிள்ளிக் காட்டி
மிச்சம் மிச்சம் என்று சிரித்ததும்
அவள் கேக் வெட்டிக் கொடுத்ததும்
அவன் இரண்டு துண்டு தின்றதும்.

தாளை இழுத்து எழுதினான்: "நான்தான்."
அவள் படித்தாள். மடித்தாள்.
அடுப்புக்குள் போட்டாள்.

பச்சை அணைந்தது.
தானியங்கி வேண்டாம், உச்சத் தரம் என்று தொட்டான்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
மீசைக்காரர் வாய் திறந்தபடி உறைந்தார்.
பிறகு மூலையில் கை வந்தது.

பத்து விரல். ஒரு மோதிரம்.
இடது கட்டைவிரலில் பழுப்பு நிறப் பிளாஸ்திரி.
விர்வே திரையருகே குனிந்து
ச்சு என்று உதட்டைக் குவித்தாள்,
பக்கத்து வீட்டுக்காரிக்கு அடிபட்டதுபோல.
அன்றைய செய்தி முழுவதும்
அந்தப் பிளாஸ்திரியையும் சேர்த்தே படித்தாள்.

தைவோ கிளம்பினான்.
வேனைத் திருப்பும்போது சன்னலில் அவள்.
கையை உயர்த்தி ஏதோ சொன்னாள்.
நடுவே பனி பொழிந்தது, கண்ணாடி புகைந்திருந்தது.
நன்றியாயிருக்கும். அவனும் கையசைத்தான்.
மறுபடி சொன்னாள், கொஞ்சம் வேகமாக.
பரவாயில்லை பரவாயில்லை என்று தலையாட்டினான்.
மூன்றாம் முறை அவள் இரண்டு கையாலும் சொன்னாள்.
அவன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

அடுத்த வீட்டு வாசலில் இறங்கி
முன்கண்ணாடிப் பனியைச் சுரண்டும்போதுதான்
இடது கை வெறுங்கையாய் இருப்பது தெரிந்தது.
கையுறை அங்கே,
ரூட்டர் பக்கத்தில்,
சன்னல் மாடத்தில்,
ஐந்து விரலும் விரித்தபடி.